யூலை விடுமுறையில் இலங்கையில் எந்தக் கரைக்குப் போவது? கடல்நீர் வெப்பநிலை அட்டவணை போதுமா?

ரைன்கரைவாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஜேர்மனியில் வசிக்கிறோம். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை யூலையிலும் ஓகஸ்டிலும் வருவதால், ஊருக்குப் போவதென்றால் அந்தச் சில வாரங்களுக்குள்தான் போய் வர முடியும். இம்முறை உறவினர்களைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஒரு வாரமாவது கடற்கரையில் தங்கிப் பிள்ளைகளை நிம்மதியாகக் கடலில் குளிக்கவிட வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இளையவளுக்கு இன்னும் நீச்சல் சரியாக வராது. முழங்கால் வலியுள்ள அம்மாவும் எங்களுடன் வருகிறார்.

விமான நிலையத்துக்கும் கொழும்பிலுள்ள உறவினர் வீட்டுக்கும் அருகில் இருக்கும் என்பதால் பெந்தோட்டை அல்லது உணவட்டுன என்று எண்ணியிருந்தோம். இணையத்திலுள்ள கடல்நீர் வெப்பநிலை அட்டவணைகளைப் பார்த்தபோது, யூலையில் தென்மேற்குக் கரையில் ஏறத்தாழ 28 பாகை என்றும் திருகோணமலையில் அதைவிடச் சற்றுக் கூடுதல் என்றும் இருந்தது. ஐரோப்பாவின் வடகடலில் கோடை உச்சத்திலேயே 18 பாகை அளவுள்ள நீரில் இறங்கிப் பழகிய எங்களுக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் பெந்தோட்டை விடுதிகள் யூலையில் விலையை வெகுவாகக் குறைத்திருப்பதைப் பார்க்கும்போது, அட்டவணை சொல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று தோன்றுகிறது. அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

இன்னொன்றும் உண்டு. என் தந்தையார் காலமாகிவிட்டதால், ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் தீர்த்தமாடவும் எண்ணியுள்ளேன். பயணத் திட்டத்தில் அதையும் சேர்க்க வேண்டும்.

நிலாவெளிக்கரை

வணக்கம் அண்ணா. உங்கள் ஐயம் சரியானதே. நீரின் சூடு இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வேறுபடுவது காற்று. மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பெருங்கடலின் மேல் பல்லாயிரம் கிலோமீற்றர் தடையின்றி வந்து நேரே பெந்தோட்டை, ஹிக்கடுவ, உணவட்டுன கரைகளில் மோதுகிறது. அங்கே அந்த மாதங்களில் அலை உயர்ந்து, மணல் கலங்கி, பல நாட்களில் கரையோரம் சிவப்புக் கொடி பறக்கும். நீர் 28 பாகையாக இருந்தாலும் உங்கள் இளைய மகளை இடுப்பளவு ஆழத்தில்கூட நிறுத்த முடியாது. விலை குறைந்திருப்பதற்குக் காரணம் அதுவே.

அதே காற்று மலைநாட்டைக் கடந்து, மழையை அங்கேயே இறக்கிவிட்டு, வறண்ட கச்சானாகத் திருகோணமலை உள்ள எங்கள் கிழக்குப் பக்கம் வருகிறது. இங்கே அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழுவதில்லை. யூலை மாதத்துக் காலை வேளையில் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கழுத்தளவு நீரில் நின்றாலும் காலடி மணலின் வரிகளைப் பார்க்கலாம். உச்சிவெயிலில் மணல் வெறுங்காலைச் சுடும் என்பதால், குளிப்பதைக் காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது பாசிக்குடா. அந்த விரிகுடா வெகுதூரம் வரை ஆழமே இல்லாமல் போவதால், சிறுபிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் அதைவிட ஏற்ற கடல் கிழக்கில் இல்லை என்பது என் கருத்து. அம்மாவும் கைபிடித்து இறங்கி, நீருக்குள்ளேயே அமர்ந்திருக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால், காற்றடைத்த வளையங்களையும் மிதவைப் பாய்களையும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். கடல் அமைதியாகத் தெரியும். ஆனால் வளையத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையை, பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் காற்று ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். உடலோடு பூட்டிக்கொள்ளும் மிதவை அங்கியே பாதுகாப்பானது.

குமரிக்கரை

நிலாவெளி நண்பர் சொன்னதை எங்கள் கரையிலிருந்தும் உறுதிசெய்கிறேன். ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் எல்லாக் கரைகளிலும் நீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று எண்ணக் கூடாது. கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் வரையிலான கரையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேல்நீர் 25, 26 டிகிரி வரை இறங்குவதுண்டு. கரையை ஒட்டி வீசும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீரோடு வரும் சத்துகளால்தான் மத்தி மீன் பெருகுகிறது; மீனவருக்கு நல்ல காலம், குளிப்பவருக்கு அல்ல.

ஆனால் எங்கள் கரையில் உயிரைப் பறிப்பது குளிர் அல்ல. மார்ச் முதல் மே வரை வானம் தெளிந்து, காற்று அடங்கி, நீர் ஆண்டிலேயே அதிகச் சூட்டோடு 30 டிகிரியைத் தொடும்போது, அட்டவணையைப் பார்ப்பவருக்கு அதுவே மிகச் சிறந்த மாதமாகத் தோன்றும். அந்த மாதங்களில்தான் கள்ளக்கடல் வருகிறது. தென்துருவத்தை அடுத்த பெருங்கடலில் வீசிய புயலில் பிறந்த அலைகள் சில நாட்கள் பயணம் செய்து, உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் கரையில் ஏறுகின்றன. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. அன்றைய கடல் எழுச்சி குறித்து ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. வெளியூரிலிருந்து வருபவர்கள் வானிலையைப் பார்க்கிறார்கள், வெப்பத்தைப் பார்க்கிறார்கள், அந்த மையத்தின் அலை எச்சரிக்கையைப் பார்ப்பதில்லை. இதை நான் மீண்டும் மீண்டும் சொல்லிவருகிறேன், இன்னமும் சொல்வேன்.

கடலியல் மாணவி

அட்டவணைகளைப் பற்றிச் சிறிது விளக்க விரும்புகிறேன். நாம் இணையத்தில் காணும் மாதாந்தர வெப்பநிலை என்பது பல ஆண்டுகளின் சராசரி. அதன் பெரும்பகுதி செயற்கைக்கோள் அளவீடுகளிலிருந்து வருகிறது. அகச்சிவப்பு உணர்விகள் நீரின் மேற்தோலை மட்டுமே, அதாவது ஒரு மில்லிமீட்டரிலும் மிகக் குறைந்த படலத்தையே அளக்கின்றன. மிதவைகளிலுள்ள கருவிகளோ அதற்குக் கீழே அளக்கின்றன. காற்றில்லாத பிற்பகலில் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு டிகிரிக்கும் மேல் வேறுபாடு வரக்கூடும். கரையோரத்து ஆழமற்ற நீர் பகலில் இன்னும் சூடாகவும் விடியலில் குளிர்ந்தும் இருக்கும். ஆகவே 28க்கும் 29க்கும் இடையிலுள்ள ஒரு டிகிரியை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பது பொருளற்றது.

நம் கடல்களின் ஆண்டுச் சுழற்சி ஐரோப்பாவினுடையதைப் போன்றது அல்ல. அங்கே சூரியன் ஜூன் இறுதியில் உச்சம் தொடுகிறது. நீர் மெதுவாகச் சூடேறி ஆகஸ்டில் உச்சத்தை அடைகிறது. நைஸ் நகரக் கரையில் பிப்ரவரியில் 13 டிகிரி அளவிலுள்ள நீர் ஆகஸ்டில் 25க்கு அருகில் வருகிறது. அத்தகைய கடலில் விடுமுறையை முடிவு செய்வது வெப்பமானிதான். இலங்கைக்கு நேர்மேலே சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் முற்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதிக்கும் செப்டம்பர் தொடக்கத்துக்கும் இடையிலும் கடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நீர் 29, 30 டிகிரிக்கு ஏறுகிறது. பருவக்காற்று தொடங்கியதும் மேகம் வெயிலை மறைக்கிறது. காற்று நீரைக் கலக்கி ஆவியாக்குகிறது. நடுக்கோடையிலேயே கடல் சற்றுக் குளிர்ந்துவிடுகிறது. மிகக் குளிர்ந்த ஜனவரியிலும் திருகோணமலை நீர் 27 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆண்டு முழுவதும் மூன்று டிகிரிக்குள் ஊசலாடும் கடலில் நாம் பார்க்க வேண்டியவை அலையின் உயரம், அலையின் கால இடைவெளி, காற்றின் திசை ஆகிய மூன்றுமே.

கால இடைவெளியை, அதாவது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரத்தை, பலர் பொருட்படுத்துவதில்லை. உயரம் ஒரு மீட்டர் என்று முன்னறிவிப்பு சொன்னால், இடைவெளி 6 விநாடியா 16 விநாடியா என்பதையும் பாருங்கள். முன்னது உள்ளூர்க் காற்று எழுப்பிய சிற்றலை. பின்னது தொலைவிலிருந்து வரும் நீண்ட அலை. அதே உயரத்துக்குப் பல மடங்கு ஆற்றலைக் கரைக்குக் கொண்டுவரும். குமரிக்கரை ஐயா சொன்ன கள்ளக்கடலின் அடையாளம் அதுதான்.

இலண்டன் அக்கா

எல்லோரும் வெப்பநிலையைப் புறந்தள்ளிவிட்டீர்கள். நான் சற்று மாறுபடுகிறேன். சிறுபிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் ஓரிரு பாகை வேறுபாடும் உணரத்தக்கதே. நீர் நம் உடற்சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாகக் கடத்திச் செல்கிறது. எடைக்கு ஒப்பிடும்போது பிள்ளைகளின் தோற்பரப்பு அதிகம் என்பதால் அவர்கள் நம்மைவிட விரைவில் குளிர்ந்துவிடுவார்கள். போட்டி நீச்சல் தடாகங்கள் 25க்கும் 28க்கும் இடையில் வைக்கப்படுவது தொடர்ந்து கைகால்களை வீசி நீந்துபவர்களுக்காகவே. ஓரிடத்தில் அமர்ந்து நீரளையும் ஆறு வயதுக் குழந்தைக்கு அதே 26 பாகை, அரை மணி நேரத்தில் உதட்டை நீலமாக்கிவிடும். ஆகவே குமரிக்கரை ஐயா சொன்ன அந்த 25, 26 பாகைக் கடலுக்கும் பாசிக்குடாவுக்கும் இடையிலான வேறுபாடு பிள்ளைக்கு உண்மையான வேறுபாடு.

தம்பி, மகளின் உதடு நிறம் மாறினாலோ அவள் பேசாமல் ஒதுங்கி நின்றாலோ உடனே வெளியே எடுத்து, ஈர உடையைக் கழற்றித் துடைத்துவிடுங்கள். காற்றில் ஈர உடையோடு நின்றால் வெளியே வந்த பிறகும் உடல் குளிர்ந்துகொண்டே போகும். முழங்கையையும் முழங்காலையும் மூடும் மெல்லிய நீச்சலுடை ஒன்று வாங்கிக்கொண்டால் குளிருக்கும் வெயிலுக்கும் சேர்த்து உதவும்.

ரைன்கரைவாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. பெந்தோட்டையைக் கைவிட்டு, ஆடி அமாவாசைக்கு முன்னரே யாழ்ப்பாணம் சென்று, பின்னர் திருகோணமலை, பாசிக்குடா என்று இறங்கிவர முடிவு செய்துள்ளோம். மூன்று ஐயங்கள் மீதமுள்ளன. கீரிமலைக் கடல் அந்த நாட்களில் எப்படி இருக்கும்? மூத்தவனுக்குப் பவளப்பாறைகளைப் பார்க்க ஆசை. புறாத்தீவுக்குக் கூட்டிச் செல்லலாமா? அவுஸ்திரேலியாவிலுள்ள என் தங்கை குடும்பத்துக்கு டிசம்பரில்தான் நீண்ட விடுமுறை. அவர்கள் எங்கே போவது?

மண்டபத்து மனிதன்

முதல் கேள்விக்கு அருகிலிருந்து பதில் சொல்லக்கூடியவன் நான். பாக் நீரிணையின் இக்கரையில்தான் என் வாழ்க்கை. எங்கள் ஊரில் வடக்கேயுள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வது வழக்கம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் பொங்கும்போது வடகடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் இது அப்படியே மாறும். குறுக்கே ஒரு சிறு நிலத்துண்டு மட்டுமே இருப்பதால், ஆடி மாதத்தில் காலையில் ஒரு பக்கம் படகுகள் ஆடாமல் நிற்பதையும், சில நிமிடத்தில் மறுபக்கம் போய் அலை கல்லில் அறைவதையும் ஒரே நாளில் பார்க்கலாம். இராமேசுவரத்தின் அக்னி தீர்த்தம் வடகடல் பக்கம் இருப்பதால்தான் ஆடி அமாவாசைக் கூட்டம் அவ்வளவு பேரும் இடுப்பளவு நீரில் நின்று முழுக்குப் போட முடிகிறது.

கீரிமலையும் வடக்கு நோக்கிய கரையே. தென்மேற்குக் காற்றுக்கு யாழ்ப்பாணக் குடாநாடே அரணாகிறது. கடலோரத்திலேயே நன்னீர்க் கேணி இருப்பதால் அம்மா அங்கே நீராடலாம். அங்குள்ள கரை பாறையும் கல்லுமானது. பாசி படிந்த கல்லில் கால் வழுக்கும். கடலில் இறங்குவதென்றால் யாராவது ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மணலும் ஆழமற்ற நீரும் வேண்டுமென்றால் காரைநகர் கசூரினா கடற்கரை இருக்கிறது.

பாக் விரிகுடா மிகவும் ஆழம் குறைந்த கடல். ஆகையால் வெயிலில் விரைவாகச் சூடேறும், வாடையில் விரைவாகக் குளிரும். ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் பக்கத்துப் பவளங்கள் வெளுத்துப்போவதற்கும் அந்தச் சூடுதான் காரணம். குளிப்பவருக்குச் சுகமான 31 டிகிரி, பவளத்துக்கு நோய்.

நிலாவெளிக்கரை

மண்டபத்து ஐயாவின் கடைசி வரியிலிருந்தே தொடர்கிறேன். ஆண்டின் வெப்பமான மாதத்துக்குரிய வழமையான அளவைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை இழந்து வெளுக்கத் தொடங்கும். 1998ஆம் ஆண்டு ஹிக்கடுவவின் பவளத்தில் பெரும்பகுதி அப்படித்தான் அழிந்தது. புறாத்தீவு அவ்வாண்டு பெருமளவு தப்பியதால்தான் இன்று எல்லோரும் இங்கே வருகிறார்கள். 2003இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வெப்பத்தைவிட இப்போது எனக்குக் கவலை தருவது மனிதக் கால்கள். நீந்தத் தெரியாதவர்கள் களைத்துப்போய்ப் பவளத்தின் மேலேயே ஏறி நிற்கிறார்கள். பல ஆண்டுகள் வளர்ந்த கிளை ஒரு மிதியில் முறிகிறது.

மூத்த மகன் நீந்துவான் என்றால் தாராளமாகக் கூட்டி வாருங்கள். நிலாவெளியிலிருந்து படகில் சிறிது நேரமே. ஓகஸ்ட் விடுமுறையில் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால் முதல் படகிலேயே போய்விடுங்கள்; காற்று எழுவதற்கு முன் நீர் தெளிவாகவும் இருக்கும். மிதவை அங்கி கட்டாயம். முதுகில் வெயில் படுவது நீருக்குள் தெரியாது. கையுள்ள மேலாடை அணிவித்துவிடுங்கள், வெயில்காப்புக் களிம்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

தங்கை குடும்பத்துக்கு இதை அப்படியே கவிழ்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் இங்கே வாடைக்காற்றும் மழையும். நிலாவெளி விடுதிகள் பல ஓய்வெடுக்கும். அப்போது உணவட்டுன, மிரிச, பெந்தோட்டைக் கரைகள் அமைதியடைகின்றன. திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் அதே காலக்கணக்கில்தான் ஓடுகின்றன: நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிசவில், அதன் பின்னர் எங்கள் பக்கம்.

கடலியல் மாணவி

டிசம்பர் பற்றி ஒரு திருத்தம் மட்டும். தென்கரை அப்போது நல்லதே. ஆனால் வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயல் டிசம்பர் 22, 23 தேதிகளில்தான் வந்தது. கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் தென்கரையிலும் சில நாட்கள் கடல் கொந்தளிக்கும், மழையும் பெய்யும். தங்கையால் பயணத்தை ஜனவரிக்குத் தள்ள முடிந்தால் அதுவே மேல். தேதியை முன்னரே உறுதி செய்ய வேண்டியிருந்தால், ஒரே விடுதியில் முழு விடுமுறைக்கும் பணம் கட்டிவிடாமல் இடையில் மலைநாட்டுக்கு மாறிக்கொள்ள வழி வைத்திருக்கட்டும்.

தமிழ்நாட்டுக்கும் சேர்த்து வருவார்கள் என்றால் ஒரு சொல். டிசம்பர், ஜனவரியில் சென்னையில் வானிலை மிக இனிமையாக இருப்பதால் பலர் கடலும் அப்படியே இருக்கும் என்று நம்பி இறங்குகிறார்கள். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது ஆண்டு முழுவதற்கும்தான். கரையை ஒட்டியே தரை சட்டென்று இறங்குவதும் வலுவான நீரோட்டமும் அதற்குக் காரணங்கள்.

குமரிக்கரை

எந்தக் கரை, எந்த மாதம் என்பது தீர்ந்துவிட்டதால், கரையில் நிற்கும் அந்த நேரத்துக்கு உரியதை மட்டும் சொல்கிறேன். இறங்குவதற்கு முன் சற்று உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் வரிசையாக உடையும்போது நடுவே ஓரிடத்தில் மட்டும் உடையாமல், நீர் கருத்தோ மணல் கலங்கியோ கடல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தால் அதுதான் இழுப்பு. பழக்கமில்லாதவர்கள் அலை இல்லாத இடம் என்று அதையே தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளை இறக்குகிறார்கள். யாராவது அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கையை உயர்த்தி உதவி கேட்டபடி மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, அலை உடையும் இடத்தை அடைந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

உயிர்காப்பாளர் இருக்கும் கரையில் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டும் குளியுங்கள். கொடியும் ஆளும் இல்லாத கரையில், அங்கே வலை காயவைக்கும் மீனவரிடம் ஒருமுறை கேளுங்கள். எந்த இடத்தில் இறங்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று விரல் நீட்டிக் காட்டுவார். அவர் இறங்க வேண்டாம் என்று சொன்னால், அன்று நீர் எத்தனை டிகிரியாக இருந்தாலும் பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள்.

ரைன்கரைவாசி

அப்படியே செய்கிறோம் ஐயா. பாசிக்குடாவில் ஓகஸ்ட் முதல் வாரத்துக்கு அறை ஒதுக்கியாயிற்று. காற்றடைத்த வளையத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டோம், இருவருக்கும் பூட்டுள்ள மிதவை அங்கி வாங்குகிறோம். தங்கைக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். ஜனவரி இரண்டாம் வாரத்தில் மிரிச என்று அவளும் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள்.